வூட்டாண்ட: கடினமான ஆங்கிலச் சொற்களை நாம் எதற்காகக் கற்க வேண்டும்?

1

விழுப்புரத்துக்கு வடமேற்கே இருக்கிறது கெடார். நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற பூமி. நிலம் பெரும்பாலும் ஊர்க்காரர்களுக்கு, கரும்பு வெட்டுகிற கை காலனிக்காரர்களுக்கு. இதில் புதுசாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த வட்டாரத்துக் காலனிகளில் சாயங்காலமானால் இப்போது ஒரு புதுச் சத்தம் கேட்கிறது. வங்கித் தேர்வுக்கும் ஸ்டாஃப் செலக்‌ஷன் தேர்வுக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் தயாராகிற பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு ஒப்பிக்கிறார்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் புழங்குகிற ஆங்கிலம் இல்லை. இங்கிலாந்துக்காரனே வாழ்நாளில் நாலு தடவை சொல்வானோ மாட்டானோ என்கிற சொற்கள். ஒரு சொல், அதற்கு இணைச் சொல், எதிர்ச் சொல், ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக ஒரே சொல் என்று போகிறது பட்டியல். அமெரிக்காவில் நார்மன் லூயிஸ் 1949இல் வெளியிட்ட 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றைக்கும் நம் நடைபாதைக் கடைகளில் கிடைக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆயா கேட்கிறாள்: "இன்னாடா அது, மந்திரமா?"

ஆயாவின் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. மந்திரம் என்றால் என்ன? பொருள் தெரியாவிட்டாலும் ஒப்பித்தால் போதும். ஒப்பிக்கிறவனுக்கு அது மதிப்புத் தரும். ஒப்பிக்கத் தெரியாதவனை வாசலுக்கு வெளியே நிறுத்தும். வேதம் ஓதுவதை ஒரு சூத்திரன் வேண்டுமென்றே கேட்டால் அவன் காதில் உருக்கிய ஈயமும் அரக்கும் ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். பஞ்சமனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பள்ளியில் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். கிடைக்கவில்லை, பாரசீகம் எடுத்துப் படித்தார். பிற்பாடு சமஸ்கிருதத்தைத் தாமே முயன்று கற்று, அந்த நூல்களைக் கொண்டே அந்த நூல்களை விசாரித்தார்.

ஆங்கிலத்துக்குக் காவல் ஈயம் இல்லை, கட்டணம். காசு உள்ளவன் கான்வென்டில் கற்றுக்கொண்டான், இல்லாதவன் பட்டியலை மனப்பாடம் செய்கிறான். அப்படியானால் நம் கேள்வி இதுதான்: இந்தக் கடினச் சொற்களைக் கற்பது விடுதலைக்கான வேலையா, அல்லது இன்னொரு பூணூலுக்கு வரிசையில் நிற்பதா? கற்றவனுக்கும், கற்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆயாவுக்கும் நடுவில் அந்தச் சொல் என்ன செய்கிறது?

2

இதற்குத் தயாராக இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதல் பதில், ஆங்கிலமே நம் தாய் என்பது. இதற்கு நீண்ட மரபு உண்டு. 1854இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுப்பிலேயே சாவித்திரிபாய் பூலே ஆங்கிலத்தை அன்னை என்று போற்றிச் சூத்திரர்களையும் அதிசூத்திரர்களையும் அதைக் கற்கச் சொன்னார். நம் காலத்தில் தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் 2006 முதல் அக்டோபர் 25ஆம் தேதியை, மெக்காலேயின் பிறந்தநாளை, கொண்டாடினார். உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பங்கா என்ற கிராமத்தில் 2010இல் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டும் வேலையும் தொடங்கியது. சுதந்திர தேவி சாயலில் ஒரு சிலை. ஒரு கையில் பேனா, மறு கையில் அரசியல் சட்டம், காலடியில் கணினி. அந்தக் கோபமும் அந்தக் கிண்டலும் நமக்குப் புரிகின்றன. எந்தக் கோயிலுக்குள்ளும் விடாதவர்களைப் பார்த்து, எங்களுக்கு ஒரு சாமி போதும், அவள் இங்கிலீஷ் பேசுவாள் என்று சொன்னது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனாலும் மெக்காலே 1835இல் எழுதிய குறிப்பில் நம்மை நினைக்கவில்லை. ஆள்கிறவர்களுக்கும் ஆளப்படுகிற கோடிக்கணக்கானவர்களுக்கும் நடுவில் நின்று பேச ஒரு சின்னக் கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலம் கொடு என்பதுதான் அவர் கணக்கு. மேலே ஊற்றினால் கீழே கசியும் என்றார்கள். கீழே எவ்வளவு கசிந்தது என்பது நமக்குத் தெரியும். அந்தக் காலத்திலேயே இது தெரிந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்து என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, 1893இல் சென்னையில் பறையர் மகாஜன சபை கூடி அதை எதிர்த்தது. 3412 பேர் கையெழுத்துப் போட்ட 112 அடி நீள மனு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது. தேர்வு இங்கே வந்தால் சாதி இந்துக்கள்தான் தேறுவார்கள், தேறி வந்து நம் தலைமேல் உட்காருவார்கள் என்பதே வாதம். தேர்வு என்பது அறிவை மட்டும் அளக்கவில்லை, யார் வீட்டில் எத்தனை தலைமுறையாகப் புத்தகம் இருக்கிறது என்பதையும் அளக்கிறது என்று 130 வருஷத்துக்கு முன்பே நம்மவர் கண்டுபிடித்துவிட்டார். வணங்குவதற்கு ஒரு தேவி என்று ஏற்றுக்கொண்டால் இந்தக் கேள்வியைக் கேட்க வாய் வராது.

இரண்டாவது பதில், தமிழ் போதும், எதற்கு இந்தப் பீட்டர் என்பது. டீக்கடையில் நம் பையன் ஒரு ஆங்கில வாக்கியம் பேசினால், "என்னடா தொர" என்று ஒரு குரல் வருகிறதே, அதன் மேடை வடிவம்தான் இது. இப்படி முழங்குகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டால் போதும், பாதி விவாதம் முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு இன்னொரு கேள்வி: எந்தத் தமிழ்? 'வூடு', 'இன்னா', 'சொல்லிக்கினு' என்று பேசினால் கொச்சை என்று அடித்துத் திருத்திய தமிழா? நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் அந்நிய மொழி ஆங்கிலம் இல்லை. பாடப்புத்தகத் தமிழ்தான். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, இது இலக்கியத் தமிழா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த மொழி பின்னர் இங்கிலீஷ் வாசகனையும் போய்ச் சேர்ந்தது.

ஆக, ஆங்கிலத்தைக் கும்பிடவும் வேண்டாம், கதவைச் சாத்தவும் வேண்டாம். சொல் சொல்லாக எடுத்து விசாரிப்போம்.

3

பட்டியலிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலக் கடினச் சொல் பட்டியல்களில் 'ப' வரிசைக்கு வருகிறபோது நம் பிள்ளைகள் ஒரு சொல்லைச் சந்திக்கிறார்கள்: 'பரையா'. பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன், எவரும் சேர்த்துக்கொள்ளாதவன். நல்ல அகராதியாக இருந்தால் வேரும் கொடுத்திருப்பார்கள்: தமிழ், பறையர், பறை என்னும் இசைக்கருவியிலிருந்து வந்தது என்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. கட்டுமரம் போனது, சுருட்டு போனது. கூலி என்ற சொல்லும் நம்மிடமிருந்தே போயிருக்கலாம் என்கிறார்கள். உலகத்தின் பெரிய மொழிக்கு நம் சேரி கொடுத்த கொடை, தன்னுடைய பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, சொல் போனது மட்டும் இல்லை, போன இடத்தில் அது என்ன ஆனது என்பதும்தான். நிறவெறி நடத்திய தென்னாப்பிரிக்காவை உலகம் ஒதுக்கி வைத்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் அதைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதின. அதாவது குற்றம் செய்து, அந்தக் குற்றத்துக்காக ஒதுக்கப்பட்ட நாடு. நம் ஆட்கள் என்ன குற்றம் செய்தார்கள்? ஒரு குற்றமும் செய்யாமல் ஒதுக்கப்பட்டவனின் பெயர், குற்றம் செய்து ஒதுக்கப்பட்டவனுக்கு அடைமொழி ஆயிற்று. ஒதுக்கினவனுக்கு அந்தப் பட்டியலில் சொல்லே இல்லை. காரணமில்லாமல் மனிதனை ஊருக்கு வெளியே தள்ளி வைக்கிறவனை ஒரே சொல்லில் குறிக்கச் சொன்னால் ஆங்கிலமும் கை விரிக்கிறது, தமிழும் கை விரிக்கிறது. அகராதிக்குச் சாதி இல்லை என்று யாராவது சொன்னால் இந்த ஒரு பதிவைக் காட்டலாம்.

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் யூதர்களைக் குறிக்க இந்தச் சொல்லை எடுத்தார். ஹன்னா அரெண்ட் 1944இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதை வைத்தார். ஒதுக்கப்பட்டவன் தன் நிலையை உணர்ந்து, ஒதுக்கினவனிடம் கெஞ்சாமல் நிற்பதை ஒரு மரபாகவே அவர் காட்டினார். மதிப்பான சிந்தனை. ஆனால் அந்தச் சொல்லுக்குரிய மக்கள் அதைப் பற்றி என்ன யோசித்தார்கள் என்பது அந்த விவாதத்துக்குள் வரவில்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும், இங்கே அந்தச் சொல்லின் மீது அரை நூற்றாண்டுக்கு முன்பே போராட்டம் நடந்திருக்கிறது என்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரே எதிரிகள் சுமத்தியது என்று மறுத்தார். பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்று வேறு பெயர்களை எடுத்து வைத்தார். 1907இல் தொடங்கிய தம் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் சூட்டினார். 1922இல் எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசாங்க ஏட்டில் ஏறியது. ஒருவர் அவமானச் சொல்லை நிமிர்த்திப் பிடித்தார், மற்றவர் அதன் பிறப்பையே கேள்வி கேட்டார். இரண்டுமே சொல்லை விசாரிக்கிற வேலைதான்.

இந்த விசாரணை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா சாட்சி. அப்துல்லா உசேனின் 'இன்டர்லோக்' நாவல் 2011இல் அங்கே பள்ளிப் பாடமானபோது, அதில் வந்த இதே சொல்லுக்காக இந்தியச் சமூகத்தில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாவல் திரும்பப் பெறப்பட்டது. இழிசொல்லை எதிர்த்தது சரி. ஆனால், நம்மையெல்லாம் போய் எப்படிப் பறையர் என்று சொல்லலாம் என்கிற குரலும் அந்த எதிர்ப்புக்குள் இருந்தது. சொல்லின் மீது வந்த கோபமா, அந்தச் சொல்லுக்குரிய மனிதர்களின் மீதான அருவருப்பா என்று பிரித்துக் கேட்க வேண்டியிருந்தது.

பட்டியலில் இன்னும் சில சொற்கள் இப்படிப்பட்டவை. 'அப்ஸ்டீமியஸ்' என்று ஒன்று: உண்பதிலும் குடிப்பதிலும் அளவாக இருப்பவர். வேண்டிய மட்டும் சாப்பாடு இருந்தும் தானே குறைத்துக்கொள்கிறவருக்கு அது பாராட்டு. கரும்பு வெட்டப் போய் ராத்திரி மீந்ததைச் சாப்பிடுகிறவளுக்கு அந்தச் சொல் பொருந்தாது. அளவு ஒன்றுதான். ஒன்று குணம், மற்றொன்று கூலி. சொல்லை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. அவன் அம்மாவின் தட்டுதான் சொல்லித் தரும்.

4

பட்டியலைக் கண்டு நம் சனங்கள் மிரள வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகாமலே அந்நியச் சொற்களைத் தின்று செரித்தவர்கள் நாம். தென்னார்க்காட்டில் நிலக்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பதைத்தான் களை வெட்டுகிற, காய் ஆய்கிற வாய்கள் மென்று மென்று மல்லாட்டை ஆக்கின. பிலிப்பைன்ஸ் தலைநகரம் நம் கொல்லையில் முளைத்துக் கிடக்கிறது. வக்கீல், ஜாமீன், பட்டா, தாசில்தார், ஜமாபந்தி, எல்லாமே வேறு மொழிகள். அவற்றைக் கற்கச் சாயங்கால வகுப்பு வைத்தது யார்? அதிகாரம் நம்மீது எந்த மொழியில் வந்து விழுந்ததோ அந்த மொழியை நாம் அடிபட்டுக் கற்றோம்.

ஆங்கிலமும் அப்படித்தான் வந்தது. கெடார்ப் பக்கத்துக் குழந்தை எழுத்துக் கற்பதற்கு முன்பே கேட்ட ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பாருங்கள். காலனி. எஸ்.சி. அட்வான்ஸ். கண்டிஷன் பட்டா. பி.சி.ஆர். கேஸ். எஃப்.ஐ.ஆர். இவைதான் நம்முடைய அரிச்சுவடி.

'காலனி'க்கு லத்தீன் வேரில் உழவனும் அவன் குடியேறிய நிலமும் இருக்கின்றன. நிலமில்லாமல் ஆக்கப்பட்ட உழவனின் குடியிருப்புக்கு அதே பெயர். 2025 ஏப்ரல் 29 அன்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில், இந்தச் சொல் ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் குறியீடாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லைத் தீண்டத்தகாத சொல்லாக மாற்றுகிற வல்லமை நம் ஊர்களுக்கு இருந்திருக்கிறது. நாளைக்கு 'நகர்' என்று வைத்தாலும் அதையும் மாற்ற முடியும். பலகையை எடுப்பது வேலையின் தொடக்கம்தான்.

'அட்வான்ஸ்' என்றால் முன்னேற்றம் என்றும் பொருள், முன்பணம் என்றும் பொருள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற இருளர் குடும்பங்களுக்கும் நம் குடும்பங்களுக்கும் தெரிந்தது இரண்டாவது பொருள் மட்டும். அட்வான்ஸ் வாங்கினவன் ஓர் அடி முன்னே போக முடியாது. 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டம் இந்தச் சொல்லுக்கே தனி விளக்கம் கொடுத்திருக்கிறது. கொத்தடிமையாக்கிய கடன் கடனே இல்லை, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. சூளைக்குள் இருப்பவனுக்கு அந்த விளக்கம் போய்ச் சேர்ந்தால் அவன் வெளியே வரலாம். சேராதவரை அவன் கடன்காரன்.

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன்.

1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவமானப்படுத்தும் குற்றத்துக்கு அதில் ஒரு பிரிவு உண்டு. முதலில் 3(1)(x), 2015ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு 3(1)(r). வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், இழிவுபடுத்தும் நோக்கம் இருக்க வேண்டும், அது 'பப்ளிக் வியூ'வுக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். பொதுப் பார்வை. 'பப்ளிக் பிளேஸ்' வேறு, 'பப்ளிக் வியூ' வேறு. 2008இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது. இடம் தனியாருடையதாக இருந்தாலும், வீட்டுக்கு வெளியே, வாசலில், தெருவில் போகிறவர் பார்க்கும்படி நடந்தால் அது பொதுப் பார்வைதான். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், பொது ஆட்கள் யாரும் இல்லாமல் நாலு சுவருக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்டது இந்தப் பிரிவுக்குள் வராது என்றது. நாலு சுவருக்குள் குனிய வைக்கப்பட்டவளுக்கு அவமானம் குறைவா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் வழக்கு நிற்பதும் விழுவதும் இன்று இந்த இரண்டு சொல்லில்.

ஓர் அம்மா புகார் சொல்ல வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் சொல்கிறாள்: "எங்க வூட்டாண்ட வந்து, எல்லாரும் பாத்துக்கினு இருக்க சொல்லவே, சாதி பேரச் சொல்லித் திட்டனாம்பா." எழுதுகிறவன் திருத்தமான தமிழில் எழுதுகிறான்: 'என் வீட்டில் வந்து சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்.' அவ்வளவுதான். வூட்டாண்ட என்பது வீட்டின் அண்டை, வீட்டுக்கு அருகே, வாசலில். நல்ல பழந்தமிழ்ச் சொல் அண்டை. வீட்டில் என்று எழுதியதும் சம்பவம் நாலு சுவருக்குள் போய்விட்டது. எல்லாரும் பாத்துக்கினு இருந்தது ஏட்டிலேயே ஏறவில்லை. அது மேலே போகப் போக ஆங்கிலமாகும். ஏனென்றால் உயர்நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலம், சட்டம் சொன்னபடி. தமிழைக் கொண்டுவரக் கேட்டு 2006இல் சட்டமன்றம் போட்ட தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. அங்கே அந்தத் தமிழ் 'வீட்டில்' ஆங்கில 'வீட்டுக்குள்' ஆகி நிற்கும். எதிர்தரப்பு வக்கீல் எழுந்து, பொதுப் பார்வை எங்கே இருக்கிறது என்பார். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவள் சரியான சொல்லைத்தான் சொன்னாள். கேட்டவனுக்குக் காது இல்லை.

இந்த இடத்தில் யார் தேவை? ஆங்கிலம் மட்டும் தெரிந்தவன் போதாது, அவனுக்கு வூட்டாண்ட தெரியாது. அந்த அம்மாவின் பேச்சு மட்டும் தெரிந்தவனும் போதாது, அந்த ஒற்றைச் சொல்லில் வழக்கின் உயிர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பப்ளிக் வியூ என்றால் என்ன என்று கற்றவனுக்குத்தான் வூட்டாண்ட என்ற சொல் காதில் மணி மாதிரி விழும். "யம்மா, வூட்டுக்குள்ளயா, வாசல்லயா? யார் யார் பாத்தாங்க?" என்று கேட்கத் தோன்றும்.

கடினச் சொல்லைக் கற்பதற்கு அறம் சார்ந்த காரணம் ஒன்று இருக்குமானால் அது இதுதான். நாம் பெரிதாகப் பேசுவதற்காக இல்லை, நம் சனம் பேசுவதைக் கூர்மையாகக் கேட்பதற்காக. கற்ற சொல் நாக்கில் ஏறி உட்கார்ந்தால் அது அணிகலன். காதில் இறங்கினால்தான் கருவி.

5

இந்த அளவுகோலை நம் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும், தோழர்களே. நம் சிற்றிதழ்களில் புழங்குகிற சொற்களும் கடினச் சொற்கள்தான். கட்டுடைப்பு, கருத்தாடல், மேலாண்மை, விளிம்புநிலை. இவை ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் உடுத்திக்கொண்டவை. தேவை இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்மை அடக்குவது எது என்று பார்க்க இவை கண் திறந்திருக்கின்றன. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இடதுசாரி நண்பர்கள் 'ஏலியனேஷன்' என்பதை அந்நியமாதல் என்று மொழிபெயர்த்து எத்தனையோ பக்கங்கள் எழுதினார்கள். உழைப்பவன் தன் உழைப்பிலிருந்தே அந்நியமாகிறான் என்ற அருமையான கருத்து அது. அதே ஆங்கிலச் சொல் நிலச் சட்டத்தில் வருகிறது. அங்கே அதற்குப் பொருள் நிலத்தைக் கைமாற்றிவிடுதல். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹியர் 1891இல் பறையர்களின் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை வந்தது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம் என்பது நிபந்தனை. நம் ஆட்கள் கண்டிஷன் பட்டா என்று சொல்வதில் இருக்கிற கண்டிஷன் இதுதான். தமிழகத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது? காரணையில் இந்த நிலத்துக்காக நடந்த போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அந்நியமாதல் பற்றிக் கூட்டம் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் இந்தப் பொருள் தெரியும்? கண்டிஷன் என்பது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று காலனியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

கடினச் சொல்லை எப்போது கையில் எடுக்கலாம் என்பதற்கும் அம்பேத்கரே வழிகாட்டி. 1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டலம் அவரைப் பேச அழைத்தது. உரையைப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். கூட்டம் ரத்தானது. தம் செலவில் 1500 பிரதி அச்சடித்தார். அந்த நூலின் தலைப்பில் 'அனிஹிலேஷன்' என்ற சொல் இருக்கிறது. லத்தீனில் 'நிகில்' என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் ஆக்குவது. சீர்திருத்தம் என்ற சுலபமான சொல் எல்லார் வாயிலும் இருந்தது. அது எல்லாருக்கும் வசதியாகவும் இருந்தது. சாதியைச் சீர்திருத்த முடியாது, இல்லாமல் ஆக்கத்தான் வேண்டும் என்பதை வேறு சொல்லால் சொல்ல முடியாது என்பதால் அந்தக் கடினச் சொல் வந்தது. அவரே சாதியின் அமைப்பை விளக்கும்போது படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று எளிய சொற்களைச் சேர்த்து ஒரு கருத்தை உண்டாக்கினார். பெருமைக்காகக் கடினமும் இல்லை, கைதட்டலுக்காக எளிமையும் இல்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி சொல்.

6

ஆகவே சாயங்கால வகுப்பு நடத்துகிற தோழர்களுக்கும், பட்டியலோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் சில விஷயங்களை முன்வைக்கிறேன்.

பட்டியலைப் படியுங்கள். தேர்வு அநியாயமான சல்லடையாக இருக்கலாம், ஆனாலும் அந்தப் பக்கம் போய்த்தான் சல்லடையை மாற்ற முடியும். வேலை வேண்டாம், கொள்கை போதும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வயிறு நிறைந்த எவருக்கும் உரிமை இல்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிப் பொருளை எழுதின கையோடு, உங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியம் காலனியில் நடந்த ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும். எழுத முடியவில்லை என்றால் இரண்டில் ஒன்று: சொல் இன்னும் உங்களுக்கு வரவில்லை, அல்லது அந்தச் சொல்லுக்கு நம் வாழ்க்கை தெரியாது. இரண்டாவதாக இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். பின்னால் நீங்கள் எழுதப் போவதற்கு அதுதான் விதை.

தேர்வுப் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் வேண்டும். புகார் எழுதுகையில், பட்டா கேட்கையில், சூளையிலிருந்து ஒரு குடும்பத்தை மீட்கையில் வந்து விழுகிற சொற்கள். முதல் தகவல் அறிக்கைக்கும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதுக்கும் என்ன வித்தியாசம்? கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினால் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீடு திரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோயில் என்றால் 'பப்ளிக்' யார்? நம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகளை விடாத பிரச்சினையில் 2023 ஜூன் 7 அன்று கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அது எங்கள் சொந்தக் கோயில் என்றவர்களுக்கும் பொதுக் கோயில் என்றவர்களுக்கும் நடுவில் இருந்தது இதே சொல்தான். தேர்வுப் பட்டியலில் இது சுலபமான சொல், யாரும் அடிக்கோடு போட மாட்டார்கள். நம் ஊரில் இதைவிடக் கடினமான ஆங்கிலச் சொல் இல்லை.

கற்ற சொல்லை ஆயாவிடம் சொல்லிக் காட்டுங்கள். அவளுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் அது உங்களுடையது. அவளை வாயடைக்க வைப்பதற்காகச் சொன்னால், அன்று நம் காதில் ஈயம் ஊற்றச் சொன்னவனின் வேலையை வேறு மொழியில் நீங்கள் செய்கிறீர்கள். சொல்லிக் காட்டும்போது அவள் ஒரு சொல் கொடுப்பாள். அதை வாங்கிக்கொள்ளுங்கள். வூட்டாண்ட மாதிரி இன்னும் எத்தனை சொற்களில் எத்தனை வழக்குகள் உறங்குகின்றனவோ.

கடைசியாக, 'பரையா'. தேர்வில் அந்தச் சொல் வரும். நாலு விடை கொடுத்திருப்பார்கள். ஒதுக்கப்பட்டவன் என்பதற்கு நேரே குறி போட்டால்தான் மதிப்பெண். குறி போடலாமா, அப்படிப் போட்டால் நாமே அதை ஒப்புக்கொண்டது ஆகாதா என்று நம் மாணவர் ஒருவருக்கு மனசு கேட்காமல் போகலாம். போட வேண்டும் என்றே சொல்வேன். அந்த மதிப்பெண் நம்முடையது, அதை விட்டுக்கொடுப்பதால் எந்த அகராதியும் திருந்தாது. ஆனால் தேர்வு முடிந்து வந்து தன் நோட்டில் அந்தச் சொல்லுக்கு நேரே இரண்டாவது பொருளையும் எழுதி வைக்க வேண்டும்: பறை அடித்தவர், நிலத்தை உழுதவர், 112 அடி நீளத்துக்கு மனு எழுதியவர், ஒரு குற்றமும் செய்யாதவர். ஒதுக்கினவனுக்கு ஒரு சொல் வேண்டுமே, அந்த இடத்தைக் காலியாக விட்டு வைக்கலாம். அதை நிரப்புவது நம் தலைமுறை எழுத்தாளர்களின் பாக்கி.